கடைசி வில்லை

9-1-1961

நேற்று பத்தாவது குலுக்கல். ராமர் மச்சான் பத்தாவது முறையாகத் தோற்றார். பழி வழக்கம்போல் சனி பகவான் மேல்.

ராமர், அத்தை மகன். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, அப்பாவின் பாத்திரக் கடை வாசலில் நின்று ஒரு ரூபாயைத் தோற்றுவிட்டு, எங்கள் வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போவார். அவர் சாப்பிடுகிற சாப்பாட்டைப் பார்த்தால் அது தோல்வி மாதிரித் தெரியவில்லை.

புது நோட்டு. எல்லாவற்றையும் முதலிலிருந்தே எழுதுகிறேன். போட்டியின் பெயர் 'சுருளிவேல் பாத்திரக் கடை மாபெரும் அதிர்ஷ்டப் பரிசுப் போட்டி'. நூறு பேர். ஆளுக்கு ஒரு எண், எண் எழுதிய அலுமினிய வில்லை ஒன்று. நூறு வில்லையையும் பித்தளைக் குடத்தில் போட்டு, சூடம் காட்டி, நான் உள்ளே கையை விடுவேன். நான் எடுக்கிற எண் ஜெயித்ததல்ல. வெளியேறியது. ஒவ்வொன்றாய் வெளியேற்றி, கடைசியாகக் குடத்தில் தங்கும் வில்லைக்கு ஒரு பித்தளை அண்டா. இப்படிப் பன்னிரண்டு மாதம். பிறகு, ஜெயித்த பன்னிரண்டு வில்லைகளும் ஏப்ரலில் மறுபடி குடத்துக்குள் போகும். அதில் கடைசியாகத் தங்குவதற்குச் சைக்கிள்.

கடைசிவரை தாக்குப்பிடிக்கிற வில்லைக்கு ஏதோ வீரம் இருப்பதாக எல்லோருக்கும் நினைப்பு. புகையிலைக் கிடங்கு கருப்புசாமி, தன் எண் கடைசிப் பத்தில் இருந்தால் மீசையைத் தடவ ஆரம்பித்துவிடுவார். குடத்துக்குள் அவரே உட்கார்ந்து மல்லுக்கட்டுவது போல.

தொண்ணூற்றொன்பதை எடுத்து ஒன்றை விட்டுவைப்பதும், நேராக ஒன்றை எடுப்பதும் ஒன்றுதானே? அப்பாவிடம் சொன்னேன். அப்பா கடைப் பையனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இதை வெளிய சொல்லிறாத ஆத்தா. கூட்டம் ஒரு மணி நேரம் நின்னாத்தான் நாலு குண்டான் விக்கும்."

ராமரின் சனி பகவானையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் தோற்பதற்கு நூற்றில் தொண்ணூற்றொன்பது. அதைப் பத்து முறை பெருக்கினால் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூறு. பத்து மாதமும் தோற்பது ஊரில் தொண்ணூறு பேருக்கு நடக்கிற காரியம். இதற்குச் சனி பகவான் அவ்வளவு தூரத்திலிருந்து வரத் தேவையில்லை.

இருமல் சத்தம். அப்பா விழித்துவிட்டார். விளக்கை அணைக்கிறேன்.

16-1-1961

பொங்கல் விடுமுறை. நான் எழுதும் இடம், கடைக்குப் பின்னால் சரக்கு அறை. சுற்றிலும் அடுக்கிவைத்த குண்டான்கள். ஒரு மூடி உருண்டால் போதும், வீடு எழுந்துவிடும். நோட்டை ஒளித்துவைப்பது, யாரும் வாங்காத பெரிய கொப்பரைக்குள்.

முழுப் போட்டிக்கும் கணக்குப் போட்டேன். ஒரு மாதம் அண்டா விழ நூற்றில் ஒன்று. விழுந்தால் சைக்கிளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. இப்படிப் பன்னிரண்டு மாதம். பெருக்கி, வகுத்து, இரண்டு பக்கம் கிறுக்கியதில் வந்த விடை — நூற்றில் ஒன்று. நூறு பேர், ஒரு சைக்கிள். முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம்.

ஏட்டையாவுக்கு நூறாம் எண். ரூபாய் வாங்காமல் கொடுத்தது. போலீஸ் வராமல் இருக்க அப்பா செய்த ஏற்பாடு. அவருக்கும் இதுவரை விழவில்லை. சட்டத்துக்கும் நூற்றில் ஒன்றுதான்.

மாதம் தவறாமல் ஜெயிக்கிறவர் ஒருவர்தான். அவருக்கு வில்லையே கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்.

27-1-1961

எனக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில். யாருக்கும் தெரியாது.

28-1-1961

எழுத்து எழுத்தாகவே வரவில்லை.

என் கூடப்பிறந்த அங்காளக்கா ஏழாம் வகுப்புப் படிக்கும்போது வயசுக்கு வந்தாள். அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தார்கள். அதோடு சரி. அவள் சிலேட்டை மறுநாள் பால்கணக்கு எழுத அம்மா எடுத்துக்கொண்டாள். பதினாறு நாள் பச்சை ஓலைக் குச்சுக்குள் இருந்தாள், பிறகு சடங்கு, பிறகு தாவணி, அடுத்த தை மாதம் நெய்க்காரப்பட்டியில் கல்யாணம். இப்போது கடிதம் எழுதச் சொன்னால் 'நீயே எழுதிக்கோடி, எனக்கு எழுத்து மறந்துபோச்சு' என்கிறாள்.

நான் எட்டாம் வகுப்பு. எனக்கு ராமர் காத்திருக்கிறார். அவர் அம்மா, ஜக்கம்மாள் அத்தை, என்னைப் பார்க்கும்போதெல்லாம், சந்தையில் பூசணிக்காயைப் பார்ப்பது மாதிரி மேலும் கீழும் பார்க்கிறாள். எப்போது முற்றும்?

அது மட்டுமில்லை. போட்டி நோட்டீசில் அச்சடித்தே போட்டிருக்கிறது: 'கள்ளமறியாச் சிறுமியின் கரத்தால் எடுக்கப்படும்'. வயசுக்கு வராத பெண் கை எடுத்தால்தான் குலுக்கல் சுத்தம். வந்துவிட்டால் அந்தக் கை குடத்தைத் தொடக் கூடாது.

அம்மாவின் பழைய சேலை ஒன்றைப் பரணிலிருந்து எடுத்துக் கிழித்தேன். கிழிகிற சத்தம் இவ்வளவு பெரியதா?

சொல்லவே மாட்டேன். யார் கேட்டாலும். அம்மா கேட்டாலும்.

கேட்டால் என்ன சொல்வேன்?

12-2-1961

எடுத்தேன். நூறு வில்லையில் தொண்ணூற்றொன்பதை இந்தக் கையால் எடுத்தேன். சூடத்தின் மேல் கண்ணை வைக்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டை மாரியம்மன் என் கண்ணைக் குத்தவில்லை. குடம் வெடிக்கவில்லை. வேடசந்தூர்க்காரர் ஒருவருக்கு அண்டா விழுந்தது. 'சின்னப் புள்ளை கை, ராசியான கை' என்று என் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார்.

வில்லைக்கு ஒன்றும் தெரியவில்லை. போன மாதமும் நூற்றில் ஒன்று, இந்த மாதமும் நூற்றில் ஒன்று. ஊரிலேயே நாகரிகம் தெரிந்தது அலுமினியம்தான்.

21-2-1961

நர்கீஸ் நோன்பு. மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிடாமல் இருந்தேன். அவள் வயசுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. பேகம்பூரிலிருந்து திரை கட்டிய குதிரை வண்டியில் வருகிறாள், போகிறாள், வகுப்பில் அவள்தான் முதல்.

"ஒங்க வீட்டுல படிப்பை நிறுத்தலையா?" என்றேன்.

"அத்தா வண்டிக்குத் திரை வாங்கிப் போட்டாங்க. அம்புட்டுதான். ஏன் கேக்குற, பொன்னு?"

"சும்மா."

அவள் செத்த நேரம் என் முகத்தையே பார்த்தாள். "நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்டி," என்றாள். நான் எதையும் சொல்லவேயில்லை.

திரை என்ன விலை இருக்கும்? எங்களிடம் வண்டி இல்லை.

2-3-1961

சாப்பிடும்போது அம்மா சொன்னாள்: "பரண்ல இருந்த பழைய சேலையக் காணோம். எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

அப்பா: "சேலைய இழுத்துட்டுப் போற எலியா? பொறி வைக்கணும்."

அம்மா என் தட்டில் சோற்றுக்கு வெஞ்சனம் வைத்தாள். "பொறியெல்லாம் வேண்டாம். பாவம், என்ன அவசரமோ."

நான் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

12-3-1961

எழுதவே பிடிக்கவில்லை. எழுபத்தொன்று கடைசிவரை குடத்தில் இருந்தது. எழுபத்தொன்று, ராமர்.

ஆரம்பத்திலிருந்து அவருக்கு ஒருமுறையாவது அண்டா விழ நூற்றுக்குப் பதினொன்று சொச்சம் வாய்ப்பு. அந்தப் பதினொன்று, வேறு ஆளே கிடைக்காததுபோல், என் கையைத் தேடி வந்து விழுந்திருக்கிறது.

அவர் அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கடைவீதியில் ஒரு சுற்று வந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முகம் தெரியவில்லை.

13-3-1961

நேற்று எழுதாமல் விட்டது. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது ராமர் என்னைக் காட்டிச் சொன்னார்: "மாமா, பொன்னு கையாலதான் எனக்குச் சனி விலகுச்சு. ஏப்ரல்ல சைக்கிளும் எனக்கே விழுந்துச்சுன்னா அது சாமி போடுற முடிச்சு. அந்தச் சைக்கிள்லயே பொண்ணு கேட்டு வாரேன்."

அத்தை: "என்ன தம்பி, வாயைத் தொறந்து சொல்லு. நாலு பேரு கேக்கட்டும்."

அப்பா சிரித்துக்கொண்டே, "விழட்டும்க்கா, விழுந்தா குடுக்க மாட்டேன்னா சொல்லப்போறேன்? வயசுக்கு வந்ததும் வச்சுக்குவோம்," என்றார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குடத்துக்குள் போகிற வில்லையை யார் கேட்கிறார்கள்.

பன்னிரண்டில் ஒன்று. எட்டும் சொச்சமும் நூற்றுக்கு. அதிகமில்லை, பயப்படாதே.

பயமாக இருக்கிறது.

25-3-1961

அத்தை பார்த்துவிட்டாள்.

நேற்று இரவு இங்கேதான் தங்கினாள். விடிகிறதற்கு முன் கொல்லைக் கிணற்றடியில் துணியை அலசிக்கொண்டிருந்தேன். திரும்பினால், கையில் பல்பொடியோடு நிற்கிறாள். சிரித்தாள். 'அவசரமில்ல, மெதுவா அலசு' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாள் முழுக்க அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பி குடித்தாள். மல்லிகை விலையைப் பற்றிப் பேசினாள். பஸ் ஏறிப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை?

26-3-1961

புரிந்துவிட்டது.

இப்போது சொன்னால், 'எப்போதிலிருந்து?' என்று கேள்வி வரும். வந்தால் பதினைந்து நாளைக்கு முன் அவள் மகனுக்கு இதே கையால் விழுந்த அண்டாவையும் சந்தேகப்படுவார்கள். சைக்கிள் போட்டியிலும் அவர் இருக்க முடியாது. அதனால் ஏப்ரல் ஒன்பதுவரை அத்தை வாயைத் திறக்க மாட்டாள். இது நூற்றுக்கு நூறு. நான் போட்ட கணக்குகளிலேயே முழுசாக விடை வந்தது இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு?

ராமருக்குச் சைக்கிள் விழுந்தால் — பன்னிரண்டில் ஒன்று — அப்பா சொன்ன சொல். அத்தையே ஊரைக் கூட்டிச் சொல்லிச் சடங்கு வைப்பாள். கல்யாணம்.

விழாவிட்டால் — பன்னிரண்டில் பதினொன்று — இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஆத்திரத்தில் சந்தியில் நின்று கத்துவாள். சடங்கு. தாவணி. பள்ளிக்கூடம் நின்றுவிடும்.

ஒன்றும் பதினொன்றும் பன்னிரண்டு. எனக்கென்று மீதி ஏதாவது வருகிறதா என்று திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். வரவில்லை. கணக்கு டீச்சர் பார்த்தால் 'மிக நன்று' போடுவார்கள்.

8-4-1961

நாளைக்கு. தூக்கம் வரவில்லை. அம்மா என் பாவாடை சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறாள்.

9-4-1961

நிதானமாக எழுது. விளக்கில் எண்ணெய் இருக்கிறது. நிதானமாக.

வாசல் நிறைய ஆள். சைக்கிளுக்கு மாலை போட்டு, மணிக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். குடத்தில் பன்னிரண்டு வில்லை. கையை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு எண்ணையும் அப்பா உரக்கப் படிக்கிறார். எழுபத்தொன்று வரவில்லை. ஆறு போய்விட்டது. எட்டு. பத்து.

இரண்டே வில்லை. எழுபத்தொன்றும் இருபத்தாறும். இருபத்தாறு, தோல் கிடங்கு ஜெகபர் அலி. அவர் பாட்டுக்கு ஓரமாக நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தார். ராமர் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அத்தை என்னைப் பார்த்தாள். அதே கிணற்றடிச் சிரிப்பு.

வில்லையைத் தடவினால் எண் தெரியாது. பெயிண்டால் எழுதியது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டில் ஒன்று. என் வாழ்க்கையில் இவ்வளவு நல்ல வாய்ப்பு எனக்கு வந்ததில்லை — எதற்கு? இரண்டு பக்கமும் ஒரே குழிதானே. ஆனாலும் இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தேன்.

எடுத்தேன். அப்பா படித்தார்: "எழுபத்தொண்ணு. வெளிய."

ஜெகபர் அலி சுண்டல் காகிதத்தைக் கீழே போட்டுவிட்டு, "எனக்கா?" என்றார்.

அதற்குள் அத்தை முன்னால் வந்துவிட்டாள். "நிறுத்துங்க. இந்தக் குலுக்கல் செல்லாது. இந்தப் பொண்ணு சமைஞ்ச பொண்ணு. எங் கண்ணால பாத்தேன்."

கடையில் அத்தனை பாத்திரம் இருந்தும் ஒரு சத்தமில்லை. நூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். எந்த மாதத்திலிருந்து? அப்படியானால் என் ரூபாய்? மாசி ரூபாய்? தை ரூபாய்? எனக்குத்தான் கணக்கு வரும் என்று நினைத்திருந்தேன். நூறு பேருக்கும் வருகிறது.

கருப்புசாமிதான் முதலில் கேட்டார். "ஏன் ஆத்தா, எப்பப் பாத்தீக?"

"பங்குனி பொறந்து ஒரு பத்துப் பன்னெண்டு நாள் இருக்கும்."

"பாத்துட்டு இம்புட்டு நாளா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

யாரோ சிரித்தார்கள். கருப்புசாமி விடவில்லை. "மாசிக் கடைசியில ஒங்க மகனுக்கு அண்டா விழுந்துச்சே, அப்ப மட்டும் கை சுத்தமா? சரி, கொண்டாங்க அண்டாவை. மொத அத வையிங்க, அப்புறம் சைக்கிளப் பத்திப் பேசுவோம்."

அத்தை, "அதுல நெல்லு அவிச்சாச்சு," என்றாள்.

வாசலே சிரித்தது. ராமர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சிரிப்பு அடங்கியதும் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். ரூபாய் ரூபாய்தான்.

அப்பா என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிவிடுவேன். உதடு வரைக்கும் வந்துவிட்டது. அப்பா கேட்கவில்லை. கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று தெரிந்த வியாபாரி. தட்டில் எரிந்துகொண்டிருந்த சூடத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். "எம் பொண்ணு சின்னப் புள்ளை. பொய்யின்னா இந்தக் கடை வெளங்காமப் போகட்டும்." கையை மூடிச் சூடத்தை அணைத்தார்.

அம்மா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"சரி மொதலாளி, நம்புறோம்," என்றார் கருப்புசாமி. "ஆனா நாளைக்கே படிப்ப நிறுத்தி, தாவணியப் போட்டு வீட்டுல உக்கார வச்சீகன்னா நாங்க கேனப்பயலுகளா? அடுத்த போட்டிக்கும் பன்னெண்டு மாசமும் இதே கைதான் எடுக்கணும். புள்ள பாவாடை சட்டையோட பள்ளிக்கூடம் போறத நாங்க எங்க கண்ணால பாக்கணும்."

"ஆமா, பாக்கணும்," என்று பின்னாலிருந்து குரல். ஏட்டையா.

அப்பா மூடிய கையை மூடியபடியே வைத்துக்கொண்டு, "அப்படியே ஆகட்டும்," என்றார்.

10-4-1961

என் கணக்கில் அத்தை இருந்தாள். ராமர் இருந்தார். மாரியாத்தாகூட ஒரு ஓரத்தில் இருந்தாள். நூறு பேருடைய சந்தேகம் இல்லை. விட்டுப்போச்சு. ஒன்றும் பதினொன்றும் பன்னிரண்டு என்று அவ்வளவு அழகாகக் கூட்டினேனே — கூட்டல் சரி. குடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான் சரியாகப் பார்க்கவில்லை.

அத்தை நேற்றே பஸ் ஏறிவிட்டாள். இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டாளாம். எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை.

அப்பாவின் உள்ளங்கையில் கொப்புளம். அம்மா விளக்கெண்ணெய் தடவினாள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். அப்பா இடது கையால் வாங்கிக் குடித்தார். என்னைப் பார்க்கவில்லை. கோபமா? வெட்கமா? இரண்டில் ஒன்று.

15-5-1961

புதுப் போட்டி நேற்று ஆரம்பம். நூற்றுக்கு நூறு பேரும் சேர்ந்துவிட்டார்கள். போன வருடம் தோற்றவர்கள் அத்தனை பேரும் உண்டு. இன்னும் கேட்டு வந்த பதினேழு பேருக்கு எண் இல்லை. சத்தியத்தால் அப்பாவுக்குக் கொப்புளம் வந்ததைத் தவிர வேறு நஷ்டமில்லை. இந்த முறை கடைசிப் பரிசு தையல் மெஷின்.

ராமர் ஒட்டன்சத்திரத்திலிருந்து மண்டிப் பையன் ஒருவன் மூலம் ஒரு ரூபாய் கொடுத்தனுப்பியிருக்கிறார். எழுபத்தொன்று வேண்டாமாம். ராசியில்லாத எண்ணாம்.

12-6-1961

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு. 'ஒன்பது' என்று எழுதிப் பார்க்க நன்றாக இருக்கிறது.

போன வருடம்வரை சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். இப்போது அப்பா உத்தரவு, கடைவீதி வழியாகத்தான் போக வேண்டும். மெதுவாக. புத்தகத்தை நெஞ்சோடு அணைக்காமல், எல்லோருக்கும் தெரிகிற மாதிரிக் கையில் பிடித்துக்கொண்டு. புகையிலைக் கிடங்கு வாசலில் கருப்புசாமி: "ஏத்தா, பள்ளிக்கூடமா? போ போ." பூட்டுக் கடையில் ஒருவர். சோடாக் கடையில் இருவர். சந்தி முனையில் ஏட்டையா தலையாட்டுகிறார். திண்டுக்கல்லில் எந்தப் பெண்ணின் படிப்பின் மீதும் இத்தனை ஆண்களுக்கு அக்கறை இருந்ததில்லை. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தால் நூறு பேர் வந்து விசாரிப்பார்கள்.

நர்கீஸுக்குத் திரை. எனக்குத் திரையில்லாததுதான் திரை.

உயரமாகிக்கொண்டிருக்கிறேன். அதற்கு யாரும் சூடம் அணைக்க முடியாது. பத்தாம் வகுப்புவரை சின்னப் பிள்ளையாக இருக்க முடியுமா? எஸ்.எஸ்.எல்.சி. வரை? வாய்ப்பு எவ்வளவு? அம்மா பாவாடையின் மடிப்பைப் பிரித்து இரண்டு விரல் இறக்கியிருக்கிறாள். சட்டையைத் தொளதொளவென்று புதிதாகத் தைக்கச் சொல்லி வாங்கியிருக்கிறாள். 'வளர்ற புள்ள, இப்பவே பெருசாத் தச்சு வச்சாத்தான்' என்று தையல்காரர் காதில் விழும்படி சொன்னாளாம்.

இப்போதுதான் இந்த நோட்டை எடுக்கக் கொப்பரைக்குள் கையை விட்டேன். நோட்டுக்கு அடியில் ஒரு பொட்டலம். பயந்துபோய் விளக்கைக் கிட்டே கொண்டுவந்தேன். துணி. பழைய சேலைக் கிழிசல் இல்லை. புது வெள்ளைத் துணி, ஒரே அளவாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, அடுக்கி, நாடாவால் கட்டியது.

சாயங்காலம் அம்மா சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல்: "சரக்கு ரூம்புல எலிக்குக் கொஞ்சம் துணி வச்சிருக்கேன். யாரும் எடுத்துறாதீக."

அப்பா குனிந்து சாப்பிட்டுக்கொண்டே, "சரி," என்றார்.

நோட்டுக்கு அடியில் வைத்திருக்கிறாள். அப்படியானால் நோட்டும் தெரியும். எப்போதிலிருந்து?

கணக்குப் போடவில்லை.